வாசனை முடிந்த இடம்

மாமரத்து முசுறு எறும்புகளுக்கும் மரத்தடியில் வளை வைத்திருந்த கட்டெறும்புகளுக்கும் சண்டை மூண்டது.

"கிளையிலிருந்து குதித்து வளைவாசலைப் பிடியுங்கள். எப்போதும்போல உங்கள் வாசனையைப் பிடித்துக்கொண்டு பெரும்படை பின்னாலேயே வந்துவிடும்" என்றாள் முசுறுகளின் தளபதி.

செவத்தி என்ற குட்டி முசுறு கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள். கூடவே அவள் அணியும் குதித்தது. தலைக்கு மேலிருந்து எதிரி விழுவான் என்று நினைத்தே பார்த்திராத கட்டெறும்புகள் மிரண்டு ஓடின. வாசல் கைக்கு வந்தது.

வெயில் ஏறியது. பெரும்படையைக் காணோம். ஓடிய கட்டெறும்புகள்தான் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சுற்றி நின்றன. செவத்தி பக்கத்தில் இருந்தவளை ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, நம்ம ஆளுங்க எங்கே?"

பக்கத்தில் நின்ற மூத்தவள் தரையை முகர்ந்து பார்த்தாள்.

"நாம நடந்தா வந்தோம், வழியெல்லாம் வாசனை விட? விழுந்தோமேடி!"

செவத்தி அண்ணாந்து பார்த்தாள். வாசனை முடிந்த கிளைநுனியில் பெரும்படை திகைத்து நின்றது.

"அடிமரம் வழியா இறங்கி வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அது மேலே எட்டவில்லை. தளபதியின் குரல்தான் கீழே எட்டியது.

"போன அணி வாசனை விட மறந்துவிட்டது. அடுத்த அணி, குதி!"