தனிமைக்கு ஓர் இரவு வாடகை

கணவனும் மனைவியும் தனியாக இருக்க ஓர் இரவுக்கு விலை நூற்றெண்பது டொலர், டீசல் தனி. லக்ஷிகா பேரம் பேசி அதை நூற்றைம்பதுக்கு இறக்கியிருந்தாள். பின்னே? மாமாவும் மாமியும் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம். ஜனார்த்தனோடு தனியாக ஒரு தேநீர் குடிக்க வழியில்லை.

படுக்கையும் அடுப்பும் வைத்த அந்த வாடகைக் கேம்பர்வான், ஹென்டர்சன் புறநகரில் அவர்களின் வீட்டு வாசலில் நின்றது.

"காட்டுக்குள்ள அந்த வெந்நீர் ஊற்றடியில போன் எடுக்குமே?" என்றான் ஜனார்த்தன்.

"துளியும் எடுக்காது. கிரவல் றோட்டு வேற. திரும்பிவர நாளைக்குப் பின்னேரமாகும்."

"அம்மா ஏதும் நினைப்பாவோ?"

"முதல்ல அந்தப் புட்டுச் சட்டியை ஏத்துங்கோ."

எல்லாம் ஏற்றியானதும் லக்ஷிகா சாவியை மாமாவின் கையில் கொடுத்தாள். "கவனமா ஓடுங்கோ மாமா. நாங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளுறம்."

கொழும்பில் லொறி ஓட்டிய மாமா இராசரத்தினம் உற்சாகமாக ஏறி அமர்ந்தார். பக்கத்தில் ஏறிய மாமி பத்மாவதி, ஜன்னல் வழியாக லக்ஷிகாவின் கையில் நோட்டுகளைத் திணித்தார்.

"என்ன மாமி இது?"

"இன்னொரு இரவும் சேர்த்து எடு பிள்ளை. உங்கட வீட்டில இந்த மனுசனோட ஆசைக்கு ஒரு சண்டை பிடிக்கேலாமக் கிடக்கு. முதல் இரவு உங்கட கணக்கு, ரெண்டாவது எங்கட கணக்கு!"