கூடையில் ஒரு சிவப்புப் பெட்டி

“உன்னைக் கேட்டாங்களா? நீ உள்ள போ!”

பயணப்பெட்டிக் கடை முதலாளி போட்ட அதட்டலில், டீ வைக்க வந்த அவர் மனைவி இரண்டடி பின்வாங்கிக் கதவோரம் நின்றாள். அவள் அப்படியொன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. “வெப்சைட்டுக்கு மலிவான ஹோஸ்டிங் வேணாங்க, படம் திறக்கறதுக்குள்ள ஆளுங்க ஓடிடுவாங்க” என்றாள், அவ்வளவுதான்.

“அவங்க சொல்றது சரிதான் சார்” என்றார் வெப்சைட் செய்து தர வந்தவர். “நாலு பேர் சேர்ந்து வந்தா மலிவான சர்வர் படுத்துடும்.”

“நீங்க சொன்னா சரி. நல்லதாவே போடுங்க” என்று முதலாளி உடனே தலையாட்டினார். அதே விஷயத்தை மனைவி சொன்னால் மட்டும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அவர் கவலை அவருக்கு. எதிரே பெரிய கடை வந்ததிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆன்லைனிலும் போணியாகவில்லை என்றால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான்.

“ஷாப்பிங் கார்ட் சாஃப்ட்வேர்ல ரெண்டு வகை இருக்கு சார். ஒண்ணு, வாங்கினவங்களை மட்டும் காட்டும். இன்னொண்ணு, கூடையில போட்டுட்டு வாங்காமப் போனவங்களையும் காட்டும். பேரு தெரியாது. ஆனா மெசேஜ் அனுப்பலாம்.”

“அதைப் போடுங்க! தயங்கி நிக்கறவனைத் தள்ளிவிட்டாத்தானே வியாபாரம்!”

“வாங்கறவரைக்கும் பேரு தெரியாதா?” என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

“பணம் கட்டினாத்தாம்மா தெரியும்.”

“நீ இன்னும் போகலையா?” என்றார் முதலாளி.

ஆன்லைன் கடை திறந்தது. ஒரு ஆர்டர்கூட வரவில்லை. ஒரே ஒரு கூடை மட்டும் திரையில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. யாரோ ஒருவர் பெரிய சிவப்புப் பெட்டியைக் கூடையில் போடுவதும், வெளியே எடுப்பதும், மறுபடி போடுவதுமாக இருந்தார்.

“என்ன ஜென்மம்டி இது? ஒரு பெட்டி வாங்க இவ்வளவு யோசனையா?” என்று மனைவியிடம் பொருமினார்.

“ஊரை விட்டுப் போறவங்களுக்கு என்ன கஷ்டமோ” என்றாள் அவள்.

“வாசப்படி தாண்டாதவ, உனக்கென்ன தெரியும்?”

முதலாளியே உட்கார்ந்து, ஒற்றை விரலால் மெசேஜ் தட்டினார். ‘தயங்கியது போதும். பெட்டியை எடுங்கள், இன்றே கிளம்புங்கள்! உங்களுக்கு மட்டும் தனித் தள்ளுபடி.’

மறுநாள் காலை ஆர்டர் விழுந்தது. பணமும் வந்துவிட்டது. ‘கடைக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று குறிப்பு வேறு. பேரைப் பார்க்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. பரணிலிருந்து சிவப்புப் பெட்டியை இறக்கி, துடைத்து, மேசை மேல் வைத்தார். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

“ஏய், முதல் போணி வரப்போகுது! டீ போடு!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

மனைவி வந்தாள். கையில் டீ இல்லை, ஃபோன்தான் இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் அதே ஆர்டர் நம்பரைப் பார்த்ததும் முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கடைப் பெட்டியைச் சும்மா தூக்கிட்டுப் போயிட்டாள்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது, அதான் பணம் கட்டிட்டேன்” என்றாள் அவள். “ரொம்ப நாளா முடிவெடுக்க முடியாமத் தவிச்சேங்க. உங்க மெசேஜ் வந்தப்புறம்தான் தைரியமே வந்துச்சு.”

பிறகு பெட்டியைத் திறந்து, தன் துணிகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள்.