துரைசாணியின் யூக்கா

"இது செத்துப்போச்சுன்னா என் வேல போயிரும், மலரு" என்று சொல்லிக்கொண்டே பிலிப்பு மண்ணெண்ணெய்த் தகரத்தை தேயிலைத் தோட்டத்து லயத்தில், தங்கள் வீட்டு வாசலில் இறக்கி வைத்தான்.

தகரத்துக்குள் வாள் வாளாக இலை நீட்டிக்கொண்டு ஒரு செடி நின்றது. பார்க்கக் கற்றாழை மாதிரி. யூக்கா என்று பெயராம். பிலிப்பு துரை பங்களாவில் தோட்டக்காரன். சீமைக்குப் புறப்பட்ட துரைசாணி, திரும்பி வரும்வரை பத்திரமாக வளர்க்கச் சொல்லி இதை ஒப்படைத்தாளாம். பங்களா முழுக்க நிழல். நம் வாசலில்தான் நல்ல வெயில் என்றான்.

அற்புதமலர் பாயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடைமழையில் காய்ச்சல் கண்டு பிள்ளை இறந்ததிலிருந்து அவள் அப்படித்தான் கிடந்தாள். கொழுந்தெடுக்கவும் போகவில்லை. கங்காணி வந்து சத்தம் போட்டும் அசையவில்லை.

"நான் வேலைக்குப் போயிட்டா பாக்க ஆளில்ல. நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பிலிப்பு போய்விட்டான்.

மத்தியானம் மழை கறுத்தது. புருஷனின் வேலை போய்விடுமே என்ற பயத்தில் அவள் எழுந்து, தகரத்தைத் தாழ்வாரத்துக்குள் இழுத்தாள்.

மறுநாள் வெயிலுக்கு நகர்த்தினாள். மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பிலிப்பு சொல்லியிருந்ததால், விரலை விட்டுப் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். ஒருநாள் இலையின் நுனி கையில் குத்தியது. "பொல்லாத செடி" என்று உரக்கத் திட்டினாள். உள்ளே பிலிப்பு சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த மழையில் தண்டு இளகியது. பதறிப்போய்ப் பிடுங்கி, அழுகிய வேரை வெட்டி, நிழலில் காயவைத்து, ஆற்றுமணல் கலந்து மறுபடி நட்டாள். குருத்து விட்ட அன்று தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். அந்த வாரமே விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்று, கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள்.

மூன்றாம் வருஷம் யூக்கா வெள்ளை வெள்ளையாக மணிபோலப் பூத்தது. துரைசாணியும் திரும்பி வந்தாள். பிலிப்பு எவ்வளவோ தடுத்துப் பார்த்தான். அற்புதமலர் கேட்கவில்லை. தகரத்தைத் தானே சுமந்துபோய்ப் பங்களாப் படியில் இறக்கினாள். பிலிப்பும் பின்னாலேயே வந்தான்.

அவள் துரைசாணியைப் பார்த்துக் கைகூப்பினாள். "அம்மா, நீங்க நம்பிக் குடுத்த செடி. இது இல்லேன்னா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன். என் உசுர மீட்டது நீங்கதான்."

துரைசாணி செடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்:

"நான் குடுத்ததா? குத்துதுன்னு பிடுங்கி வெளியே எறியச் சொன்ன செடியாச்சே இது?"

பிலிப்பு நிமிரவேயில்லை. அற்புதமலர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, துரைசாணிக்காகக் கூப்பிய கைகளை மெல்ல அவன் பக்கம் திருப்பினாள்.