ஏழாம் நாள் மொட்டை

பிளேடு உச்சந்தலைக்கு வந்தபோது தோல் துடித்தது.

முபஷ்ஷிர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். மடியில் மகள் ஹனியா உதட்டைச் சப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்து இன்று ஏழாம் நாள்.

விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தான். அந்த இடத்தில் மண்டையே இல்லை. கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் தோல்தான். அதற்கடியில் என்னவோ ஏறி ஏறி இறங்கியது.



அதுவரை அங்கே அடர்த்தியாக முடி. ஆஸ்பத்திரி நர்ஸ்களே மெச்சிய முடி. அதை ஏழாம் நாள் மழித்துவிடுவது அவன் வீட்டு வழக்கம். அவன் சொந்த ஊரான செங்கல்பட்டில் பிறந்திருந்தால் முடி எடுக்கத் தெரிந்தவர் வீடு தேடி வந்திருப்பார். சுற்றிலும் பெண்கள் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். நாவலூரில், எட்டாவது மாடியில், யாரைக் கூப்பிடுவது? கீழே இருந்த சலூன்காரர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார்.

நாமே எடுத்தால் என்ன என்று பெரிய வீரன் மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

எங்கே அழுத்தினேன்? ரத்தம் இல்லையே. ரத்தம் வெளியேதான் வர வேண்டுமா? உள்ளுக்குள் கசிந்தால்?

ஆஸ்பத்திரிக்கு அடித்தான். ஞாயிற்றுக்கிழமை, மணி அடித்து ஓய்ந்தது. இணையத்தில் தேடினான். முதல் வரியிலேயே மூளை என்றிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தான்.

அம்மாவுக்குத் தெரியும். சம்சாத் பேகம் வரிசையாகப் பிள்ளை பெற்று வளர்த்தவர். ஆனால் அவன் ஸ்வாதியைக் கட்டிக்கொண்ட அன்றே மகனின் எண்ணை பிளாக் செய்துவிட்டார். இருந்தாலும் அடித்துப் பார்த்தான். போகவில்லை.

ஸ்வாதி விடிய விடியப் பால் கொடுத்துவிட்டு உள்ளே படுத்திருந்தாள். எழுப்பி என்ன சொல்வது? பெற்ற பிள்ளையின் மண்டையை உடைத்துவிட்டேன் என்றா?

மேசைமேல் அவள் போன் கிடந்தது. அதில் ‘அம்மா’ என்று ஓர் எண். கடப்பாக்கத்து விஜயகுமாரியின் எண். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்வாதி அதை எடுத்துப் பார்ப்பாள், அப்படியே வைத்துவிடுவாள். ஒருநாளும் அழைத்ததில்லை. முபஷ்ஷிர் தன் மாமியாரின் குரலைக்கூடக் கேட்டதில்லை.

திட்டட்டும். மகளைத் தலைமுழுகியது தலைமுழுகியதுதான் என்று சொல்லட்டும். பிள்ளை பிழைத்தால் போதும்.

அழுத்தினான். உடனே எடுத்தார்கள்.

“அம்மா, கொயந்த தலைல எலும்பே இல்லமா. தோலு அடிச்சிகினு கீது. மொட்ட போட சொல்ல நான்தான் இன்னாவோ பண்ணிட்டேன்...”

ஆபீசில் பத்துப் பேரை மேய்க்கிறவன், விசும்பி விசும்பி அழுதான்.

“அழுவாத நைனா,” என்றது ஒரு பெண்குரல். “அது உச்சிக்குழி. பொறக்க சொல்ல தல அமுங்கி வரணும்ல, அதுக்குத்தான் எலும்பு ஒட்டாம கீது. போவப் போவ மூடிக்கும். பள்ளமா உள்ள வாங்கிகினு கீதா?”

“இல்லமா. சமமா கீது.”

“பால் குடிக்குதா? அப்ப இன்னா பயம்? எல்லாக் கொயந்தைக்கும் துடிக்கும். அங்க மட்டும் பிளேட அழுத்தாத.”

அவனுக்கு இப்போதுதான் மூச்சு திரும்பியது. குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு நிமிர்ந்தால், கதவருகே ஸ்வாதி நின்றிருந்தாள்.

ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அவள் பக்கம் நீட்டினான். “ஒங்கம்மா, ஸ்வாதி. ஒரு வார்த்த திட்டல.”

“வேற எதுனா கேக்கணுமா நைனா?” என்றது போன்.

ஸ்வாதியின் முகம் மாறியது. அருகே வந்து அவன் காதில் குனிந்தாள்.

“இது எங்கம்மா கொரலே இல்ல. வேற யாரோ.”

எண் எப்போதோ கைமாறியிருக்கிறது. முபஷ்ஷிருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. துண்டிக்கப் போனான். ஸ்வாதி அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்து வாயருகே இழுத்துக்கொண்டாள். வாரம் முழுக்க இவளும் பயந்துகொண்டுதான் கிடந்திருக்கிறாள். அவனுக்குத்தான் அது தெரியவில்லை.

“அம்மா,” என்றாள் போனிடம். “தொப்புள்கொடி இன்னும் விழலமா. தோலு உரிஞ்சிகினே கீது. தூங்க சொல்ல மூச்சு நின்னு நின்னு வர்ற மாதிரி கீது. அதப் பாத்துகினே நான் தூங்குறதே இல்லமா...”

“ஒண்ணொண்ணா கேளு கண்ணு,” என்றது அந்தக் குரல். “நான் எங்கயும் போவல.”