சைரன் வைக்கச் சொன்னவர்

"வீல்ல்ல்...!"

பார்சல் அலுவலகமே ஒருமுறை தூக்கிப்போட்டு அடங்கியது.

"ஐயோ, நான் இங்கதான்பா இருக்கேன்! பேனா விழுந்துடுச்சு, எடுக்கறேன்!" என்று மேஜைக்கு அடியிலிருந்து கத்தினார் கணக்காளர்.

புது சாஃப்ட்வேர் வந்ததிலிருந்து இதே கூத்துதான். கீபோர்டில் கொஞ்ச நேரம் கை படாவிட்டால் போதும், கம்ப்யூட்டர் ஊரைக் கூட்டிவிடும்.

அதைப் பற்றியெல்லாம் கருத்துக் கேட்கத்தான் சாஃப்ட்வேர் கம்பெனி இளைஞன் அன்று வந்திருந்தான். எல்லோரும் மீட்டிங் அறையில் கூடினார்கள். சுவரிலிருந்த பெரிய திரைக்கு, வழக்கம்போல சூப்பர்வைசர்தான் உயிர் கொடுத்தார். இரண்டு ரிமோட்டில் எதை முதலில் அமுக்குவது, எதை எவ்வளவு நேரம் அமுக்குவது என்கிற சூட்சுமம் அவர் கைக்கு மட்டும்தான் பிடிபட்டிருந்தது.

"சாஃப்ட்வேர் எப்படி இருக்கு? மனசுல பட்டதைத் தாராளமா சொல்லுங்க" என்றான் இளைஞன்.

"எல்லாம் சரி தம்பி. இந்த சைரனை வைக்கச் சொன்ன புண்ணியவான் யாரு? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் கணக்காளர்.

"வீட்டுல எவனும் மதிக்காத ஆளா இருக்கும். அந்தக் கடுப்பை இங்க வந்து காட்டியிருக்கான்" என்றார் 'லவுட்ஸ்பீக்கர்' என்று பேர் வாங்கிய புக்கிங் கிளார்க். "எனக்கென்னவோ ஆளு வழுக்கைன்னு தோணுது!"

அறை குலுங்கிச் சிரித்தது.

சூப்பர்வைசரின் கை தானாகத் தலைக்குப் போய், பாதி வழியில் திரும்பிக் காதைச் சொறிந்தது. "ஆமாமா, சரியான மூளை கெட்டவன்!" என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சேர்ந்துகொண்டார்.

அந்த மூளை கெட்டவன் அவரேதான்.

போன மாதம் முதல் கருத்துக் கூட்டம் வீடியோ காலில் நடந்தது; இளைஞன் தன் ஆபீஸிலிருந்தும், மற்றவர்கள் இந்த அறையிலிருந்தும் பேசினார்கள். காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த சூப்பர்வைசர், எந்த ரிமோட்டை எப்படி அமுக்குவது என்று சொல்லித் திரையைப் போட வைத்துவிட்டு, போனிலேயே கலந்துகொண்டார். கூட்டம் முடிந்து எல்லோரும் வணக்கம் சொன்ன பிறகு இந்த இளைஞனை மட்டும் பிடித்து நிறுத்தினார். "தம்பி, நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம். பில் போடுற பொண்ணு எப்பப் பாத்தாலும் எழுந்து எழுந்து போகுது. ஆளு சீட்டுல இல்லைன்னா கத்துற மாதிரி ஏதாவது வச்சிடுங்க."

அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இப்போது அவள் பாத்ரூம் போகும்போதெல்லாம் அலுவலகத்துக்கே அறிவிப்பு. நேற்று கவுன்ட்டரில் நின்ற வாடிக்கையாளர்கள்கூடச் சிரித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு அவள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் வாய்விட்டு எப்படிச் சொல்வது? முதலாளியிடம் தங்களுக்காக மல்லுக்கு நிற்கிற அண்ணன் என்றுதான் இவர்கள் அவரை நினைத்திருக்கிறார்கள். இருக்கிற அந்த ஒரு பெயரும் போய்விட்டால்?

"யாரு சொன்னா என்ன தம்பி, அதை எடுத்து விட்டுடுங்க" என்றார்.

இளைஞன் நெளிந்தான். "அப்படி எடுக்க முடியாதுங்க சார். யாரு கேட்டாங்களோ அவங்களே வேண்டாம்னு சொல்லணும். எங்க கம்பெனி ரூல். கேட்டவங்க இந்த ரூம்லதான் இருக்காங்க."

சிரிப்பு நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கணக்காளர் ஃபேனைப் பார்த்தார். லவுட்ஸ்பீக்கர் நகத்தைப் பார்த்தார்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று சூப்பர்வைசரின் மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

"நான்தான் கேட்டேன்" என்றாள் பில் போடும் பெண். "எடுத்துடுங்க சார்."

இளைஞன் திகைத்துப்போய் சூப்பர்வைசரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்பாடா, விட்டுது சனியன்!" என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இளைஞனும் போனான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தவளை அவர் வாசலில் மறித்தார்.

"ஏம்மா... நீ எதுக்கும்மா பழியை ஏத்துக்கிட்ட? நீ கேக்கலைன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"இல்ல... சும்மா... ஒரு இதுதான்..."

"நீங்களா சொல்லுவீங்கன்னு எல்லாரும் இத்தனை நாள் பாத்தாச்சு. இனிமே எனக்கு முடியலைண்ணே" என்றாள் அவள். கோபம்கூட இல்லாத குரல்.

சுவரில் பெரிய திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மேஜைமேலிருந்த இரண்டு ரிமோட்டையும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க லீவு. கூட்டம் முடிஞ்சப்புறம் இதை அணைக்க, உங்களை விட்டா இங்க யாருக்குண்ணே தெரியும்?"