மாறாத ஒரு வரி

சொற்களின் அர்த்தம் நிலையாக நிற்பதில்லை என்பதால், கல்யாண உறுதிமொழியைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். தூத்துக்குடிப் பதிவு அலுவலகத்தில் மரகதமும் செல்லையாவும் உட்கார்ந்திருக்க, எழுத்தர் ஷகிலா வாசித்தாள்.

"'ஞாயிறுதோறும் சமைப்பேன்'னு சொல்லியிருக்கீங்க சார். இப்பல்லாம் சமைக்கிறதுன்னா, என்ன வேணும்னு மெஷின்கிட்ட சொல்றதுதான். அப்படியே வச்சுக்கலாமா? உங்களுக்கு வேலை மிச்சம்."

செல்லையா பதறினான். "வேண்டாம்மா. மீனைக் கழுவி, புளி கரைச்சு, கொதிக்கிற வரைக்கும் அடுப்புகிட்டயே நிப்பேன்னு விவரமா எழுதுங்க."

எழுதி முடித்து, ஷகிலா மரகதத்திடம் திரும்பினாள். "உங்க பக்கம் ஒரே வரி. 'சாப்பாட்டுல குறை சொல்ல மாட்டேன்.' இதுல எந்த வார்த்தைக்கும் அர்த்தம் மாறல மேடம். அப்படியே விட்டுரலாம்."

"விடாத, எடுத்துரு," என்றாள் மரகதம். "பத்து வருசமா வாயை மூடிக்கிட்டு சாப்பிடுதேன்."

வரி நீங்கியதும் கணவனைப் பார்த்து நிதானமாக ஆரம்பித்தாள். "புளி ஜாஸ்தி. உப்பு பத்தாது. மீனை அவ்வளவு நேரம் வேகவிடக் கூடாது."

செல்லையாவின் முகம் மலர்ந்தது.

"அப்ப இத்தனை நாளும் ருசி பார்த்துத்தான் சாப்பிட்டிருக்கே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.