யுவர் ஆனர்

“யுவர் ஆனர்னா என்னண்ணே அர்த்தம்?”

குடும்ப நீதிமன்ற வராந்தாவில் சித்தி கேட்டாள்.

“ஆனர்னா மரியாதை, கௌரவம். ஜட்ஜை அப்படித்தான் கூப்பிடணும்” என்றார் கோர்ட் மொழிபெயர்ப்பாளர்.

“எனக்கு வாய்ல நுழையாதே. அம்மான்னு கூப்பிட்டா கோவிச்சுக்குவாங்களா?”

“எப்படி வேணா கூப்பிடுங்க. நான் இங்கிலீஷ்ல சரி பண்ணிச் சொல்லிடறேன்.”

சித்தி என்றால், உள்ளே பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெண்ணுக்குச் சித்தி. அப்பா முன்பே இறந்துவிட்டார். போன மழைக்காலத்தில் அம்மாவும் கண்ணை மூடிவிட்டாள். குழந்தை இனி யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு.

ஒரு பக்கம், லாண்டரியில் துணி தேய்க்கும் சித்தி. எதிர்ப்பக்கம், அப்பாவின் அண்ணன். கோட்டும் டையுமாக வந்திருந்தார்.

நீதிபதி அம்மாள் இந்த நீதிமன்றத்துக்குப் புதிது. அவர் பெயரும் சரி, முகமும் சரி, எந்த ஊர் என்று பிடி கொடுக்கவில்லை. பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான்.

பெரியப்பா எழுந்து இங்கிலீஷில் வெளுத்து வாங்கினார். வாக்கியத்துக்கு ஒரு ‘யுவர் ஆனர்’. நடுநடுவே ‘ஆனரபிள் கோர்ட்’. கடைசியில், “இது எங்கள் ஃபேமிலி ஆனர் சம்பந்தப்பட்டது. என் தம்பி மகள் ஒரு லாண்டரி மாடியில், ஒற்றை அறையில் வளர்ந்தால் ஊர் என்ன பேசும்?” என்று முடித்தார்.

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். ‘ஃபேமிலி ஆனர்’ வந்த இடத்தில் ஒரு கணம் தயங்கி, “குடும்ப கௌரவம்” என்றார்.

அவ்வளவுதான். சித்தி எழுந்துவிட்டாள்.

“கௌரவமா? எங்கக்கா ஆஸ்பத்திரியில கிடந்தாளே, அப்ப எங்கே போச்சு அந்த கௌரவம்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்தாரா? இந்தப் புள்ளை இருட்டுன்னா பயப்படுவா, என் காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவா. தெரியுமா அவருக்கு? பெரிய வீடாம் பெரிய வீடு! இதையெல்லாம் கேட்டுக்கிட்டு சிலையாட்டம் உட்கார்ந்திருக்கியே, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அந்தக் கறுப்புக் கோட்டுக்குள்ள வெறும் கல்லுதானா?”

மொழிபெயர்ப்பாளருக்கு வியர்த்துவிட்டது. நீதிபதியைக் கல் என்று சொன்னால் வழக்கு என்னாவது? உள்ளதை உள்ளபடி சொல்வதாக அவர் செய்திருந்த சத்தியம் ஒரு பக்கம். அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கும் இவள் ஒரு பக்கம்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“யுவர் ஆனர், குழந்தை தன்மீது பாசமாக இருப்பதாக இவர் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறார். இந்த ஆனரபிள் கோர்ட்டின் மீது தமக்கு முழு நம்பிக்கை இருப்பதாகவும் சொல்கிறார்” என்று இங்கிலீஷில் மெழுகிவிட்டார்.

“அவ்வளவுதான் சொன்னாரா?” என்று நீதிபதி கேட்டார்.

“அவ்வளவுதான், யுவர் ஆனர்.”

நீதிபதி தலையசைத்தார். பெரியப்பா பக்கம் திரும்பினார்.

“குழந்தையின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எத்தனை தடவை போய்ப் பார்த்தீர்கள்?”

பெரியப்பா டையைத் தளர்த்திக்கொண்டார். “அது… வேலை அதிகம், யுவர் ஆனர்…”

“குழந்தை எப்படித் தூங்கும்?”

“எல்லாக் குழந்தையும் தூங்குற மாதிரிதான்…”

நீதிபதி பேனாவை எடுத்தார். குழந்தை சித்தியிடமே வளரட்டும். பெரியப்பா வாரம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது.

வராந்தாவில் சித்தி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். கண்ணீரைத் துடைக்கவும் கை ஒழியவில்லை.

“நான் என்னென்னமோ உளறிட்டேண்ணே. நீங்க பதமா எடுத்துச் சொன்னதாலதான் புள்ளை எனக்குக் கிடைச்சா.”

“அதனால என்னம்மா, நம்ம வேலைதானே அது” என்றார். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. நம் இங்கிலீஷ் ஒரு குழந்தையைக் கரையேற்றிவிட்டதே!

அவர்கள் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவரைக் கிளார்க் வந்து கூப்பிட்டார். நீதிபதி தம் அறைக்கு வரச் சொன்னாராம்.

உள்ளே போனார். நீதிபதி கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“யுவர் ஆனர்…”

“உட்காருங்க சார்” என்றார் நீதிபதி. நல்ல தமிழ். வீட்டுத் தமிழ்.

மொழிபெயர்ப்பாளர் நின்றபடியே கேட்டார். “மேடம்… உங்களுக்கு…”

“எங்கம்மா பேசினது தமிழ்தான். என் நெஞ்சு கல்லான்னு அந்தம்மா கேட்டது நல்லாவே புரிஞ்சுது.”

“மன்னிக்கணும் மேடம். அவங்க வாயால அவங்களே கெட்டுடக் கூடாதேன்னுதான், திட்டினதை மட்டும் விட்டுட்டு…”

“திட்டினதை மட்டுமா விட்டீங்க? ஆஸ்பத்திரி எங்கே போச்சு? குழந்தை காதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறது எங்கே போச்சு?”



நீதிபதியின் குரலில் கோபமே இல்லை.

“என் மரியாதையைக் காப்பாத்தணும்னு நினைச்சீங்க, புரியுது. ஆனா நீங்க சொன்ன இங்கிலீஷை மட்டும் நான் கேட்டிருந்தா, குழந்தையைப் பெரியப்பா வீட்டுக்குத்தான் சார் அனுப்பியிருப்பேன்.”